வலப்பக்கத்திலிருந்து தொடங்கிய கை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழிலில் கழித்துவிட்டவனிடம் நல்ல மாணவர்களைப் பற்றிய கதைகள் நிறைய இருக்கும். அவற்றை வேறொரு சமயம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே நான் எழுத நினைப்பது என்னுடைய பிழை ஒன்றைப் பற்றி. அந்தப் பிழையைத் திருத்தியவர் ஒரு மூதாட்டி. ‘எழுத்தறிவு இல்லாதவர்’ என்று என் கையாலேயே பட்டியலில் எழுதி வைத்திருந்தவர்.

அது 1992ஆம் ஆண்டு. மயிலாடுதுறைப் பக்கத்து அரபுக் கல்லூரி ஒன்றில் ஓதி, ஸனது பெற்றுத் தாராசுரம் திரும்பியிருந்தேன். வயது 22. அஞ்சல் வழியில் தமிழும் படித்துக்கொண்டிருந்தேன். தலையில் புதிய தலைப்பாகை. தலைக்குள் அதைவிடப் பெரிய எண்ணம்.

1988 மே மாதத்தில் தொடங்கப்பெற்ற தேசிய எழுத்தறிவு இயக்கம் நாடெங்கும் பரவி, தமிழ்நாட்டில் ‘அறிவொளி’ என்னும் அழகிய பெயருடன் வீதி நாடகமும் பாட்டுமாக எழுந்து நின்ற காலம் அது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிப்பது அதன் நோக்கம். அந்த உற்சாகம் எங்கள் தெரு இளைஞர்களையும் தொற்றிக்கொண்டது. நாங்களாகவே ஒரு வகுப்புத் தொடங்கினோம். ஆண்களுக்கு இஷாவுக்குப் பிறகு திண்ணையில். பெண்களுக்கு அஸருக்குப் பிறகு, என் பெரியம்மாவின் வீட்டுக் கூடத்தில், பெரியம்மாவும் உடனிருக்க. வயதைக் கேட்டு யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். முதல் நாள் பதினான்கு பெண்கள் வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் சிலர். பட்டுத் தறி ஓடும் சௌராட்டிரக் குடும்பங்களின் பெண்கள் சிலர். நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள் சிலர்.

நான் ஒரு சொற்பொழிவு செய்தேன். கல்லாதவரின் முகத்தில் இருப்பவை கண்கள் அல்ல, புண்கள் என்னும் கருத்துள்ள குறளை எடுத்து விளக்கினேன். கேட்பவர்களுக்கு அது ஊக்கம் தரும் என்றே நம்பினேன். முன் வரிசையில் வெள்ளைத் துப்பட்டியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு அமர்ந்திருந்த அறுபது வயது மூதாட்டி ஒருவர், கேட்டுக்கொண்டே இருந்தவர், முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். அதை நான் கண்டேன். கண்டும் என்னவென்று நினைக்கவில்லை.

பிறகு சிலேட்டும் பலப்பமும் கொடுத்து, கரும்பலகையில் ‘அ’ எழுதிக் காட்டினேன். அந்த மூதாட்டி பலப்பத்தைச் சிலேட்டின் வலது ஓரத்தில் ஊன்றி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கினார்.

“எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லையா, அம்மா?” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பலப்பத்தை மெல்லக் கீழே வைத்தார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். வருத்தம் தெரிவிக்கப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மை அதுவன்று. வகுப்பில் சிலேட்டு ஒன்று குறைந்தது. அது அவர் வீட்டில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதை வாங்கிவரப் போனேன்.

வாசலில் ஸலாம் சொல்வதற்கு முன்பே உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. நிறுத்தி, இராகம் இழுத்து, யாரோ படித்துக்கொண்டிருந்தார். பெருந்துடக்கும் குளிப்பும் பற்றிய சட்டங்கள், தெளிவான தமிழ். எட்டிப் பார்த்தேன். மருமகள்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சுற்றி அமர்ந்திருக்க, நடுவில் அந்த மூதாட்டி. மடியில் பழுப்பேறிய பழைய கிதாபு. அது அரபுத் தமிழில் அச்சானது.

இளைய தலைமுறையினருக்காக ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அரபுத் தமிழ் என்பது தமிழ் மொழியை அரபி எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ப போன்ற ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளின் மீதும் கீழும் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்துக்கொண்டார்கள் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் அதில் மார்க்க நூல்கள் இயற்றினார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ வீடுகளில், தமிழ் நெடுங்கணக்கு அறியாத பெண்கள் இந்த எழுத்தின் வழியேதான் தமிழ் படித்தார்கள். அது வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து.

வலமிருந்து இடமாக! வாசற்படியில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கை தவறாகத் தொடங்கவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அந்தக் கண்கள் நடந்து பழகிய வழியிலேயே கையும் புறப்பட்டது. அரபியும் தமிழும் கற்றவன் என்று தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்தத் தெருவிலேயே எல்லோருக்கும் முந்திப் புரிந்திருக்க வேண்டிய செய்தி அது. எனக்குத்தான் புரியவில்லை.

கிதாபை மூடி வைத்துவிட்டு அவர் சொன்னார்: “கண்ணு எனக்கு இருக்கு தம்பி. எழுத்துதான் வேற.”

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குறளில் குறை ஒன்றும் இல்லை; அதை யார் முன்னால், எதற்காக எடுத்தேன் என்பதில்தான் குறை. நம் நபி பெருமானார் (ஸல்) அவர்களைத் திருமறை ‘உம்மி’ என்று அழைக்கிறது. எழுதப் படிக்கக் கற்காதவர் என்பது அதன் பொருள். அந்த உம்மத்தில் பிறந்த ஒருவன், எழுத்துக் கல்லாதவரைக் கண்ணில்லாதவர் என்று சபையில் சொல்லலாமா?

இன்னொன்றும் நினைவில் வந்து உறுத்தியது. ஸஹீஹ் முஸ்லிமில் முஆவியா பின் ஹகம் (ரலி) அவர்களின் செய்தியை நான் ஓதியிருக்கிறேன். புதிதாக இஸ்லாத்துக்கு வந்த அவர், தொழுகையின் நடுவில் ஒருவர் தும்மியதற்கு உரக்க வாழ்த்துச் சொல்லிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள்; தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் அண்ணலார் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் எதைச் சொல்லலாம் என்பதை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். வளர்ந்த ஒருவருக்கு, பிறர் முன்னிலையில், எப்படிக் கற்பிப்பது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? அந்த நபிமொழியின் இலக்கணத்தையும் அறிவிப்பாளர் வரிசையையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். சிலேட்டுக்கு முன்னால் நிற்கும்போது அது எனக்கு உதவவில்லை.

மறுநாள் மீண்டும் போய், “நன்னி, தெரியாமல் பேசிவிட்டேன், மன்னியுங்கள்” என்றேன். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: “நீங்கள் எதற்காகப் படிக்க வந்தீர்கள்?”

அவருடைய மகன் சௌதியில் இருந்தார். கடிதம் வரும். எதிர்வீட்டுப் பையன் படித்துக் காட்டுவான். பதிலையும் அவனே எழுதுவான். “நல்ல பையன்தான் தம்பி. ஆனா மவனுக்குச் சொல்றதை எல்லாம் அவங்கிட்ட சொல்ல முடியுமா? பாதியை முழுங்கிட்டுப் பாதியைத்தான் எழுதச் சொல்றேன்” என்றார்.

அவருக்கு வேண்டியது படிப்பறிவன்று. அது அவரிடம் இருந்தது. விழுங்கிய பாதியைத் தம் கையாலேயே எழுதும் வழிதான் வேண்டியிருந்தது. நமது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருளறிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்திருந்தால்தான் எழுத்தறிவுடையவர். படிக்க மட்டும் தெரிந்தவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடு. பெண்களிடையே 73 விழுக்காடு. மீதமுள்ளவர்களில் இப்படிக் கிதாபு மடியில் வைத்திருந்த நன்னிமார்கள் எத்தனை பேரோ! கணக்கெடுப்பவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கட்டம் ஒன்றுதான். ஆசிரியருக்கும் அதே கட்டம் போதும் என்று இருந்ததுதான் என் பிழை.

பாடத்தை அவருக்கென்று மாற்றினேன். சிலேட்டின் வலப்பக்கம் அரபுத் தமிழ் எழுத்து. இடப்பக்கம் அதற்கு நேரான தமிழ் எழுத்து. மதரஸாவில் நாமெல்லோரும் ஹிஜ்ஜே கூட்டிப் படித்திருக்கிறோம்: மீம் ஜபர் ம, மீம் ஜேர் மி, மீம் பேஷ் மு. தமிழ் உயிர்மெய்யை நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார். ‘மி’ என்று எழுதியதைப் பார்த்து, “இதுதானே ஜேர்? நம்மள்ள கீழே கிடக்கும், இங்கே மேலே கொக்கி மாட்டியிருக்காங்க” என்றார். தமிழ் எழுத்து 247 என்று சொல்லி மற்றவர்களை அச்சுறுத்திக்கொண்டிருந்தேன். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216. ஆனால் அந்த 216-இல் பெரும்பாலானவை பதினெட்டு உருவங்களும் சில குறிகளும் சேர்ந்து பிறப்பவையே. அதை ஒரே பார்வையில் அவருக்குக் காட்டியது நானல்ல. ஆறு வயதில் யாரோ ஓர் உஸ்தாதம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஹிஜ்ஜே.

இடமிருந்து வலமாகப் போகக் கைக்குத்தான் நாள் பிடித்தது. இரண்டு மாதத்தில் அவர் கடிதம் எழுதினார். ஒரு பக்கம். எழுதி முடித்ததும் மடித்துவிட்டார். பிழை பார்த்துத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். “இருந்தா இருக்கட்டும் தம்பி, அவனுக்குப் புரியும்” என்று சொல்லி உறையை ஒட்டினார். மேலே ஆங்கில முகவரி எழுதுவது மட்டுமே என் பங்கு. அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தானே அவர் படித்தார்!

*

நான் இந்தத் தெருவில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை, அதே ஆண்டுகளில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டை பேரளவில் செய்து காட்டியது. அங்கே 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் சுமையும் தூக்கிக்கொண்டு நடந்தே காலம் கழித்த பெண்களுக்கு, நேரம்தான் முதல் தடை. அந்த நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்தது மிதிவண்டி. ஓட்டக் கற்றவர்களில் வயல் வேலை செய்வோரும் கல் குவாரித் தொழிலாளரும் இருந்தனர். முஸ்லிம் பெண்களும் இருந்தனர். இதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கற்பவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்த பிறகே பாடத்தை வகுத்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் ஆங்கிக்கோஸ் என்னும் சிற்றூரில் 1963இல் பாவ்லோ ஃபிரைரே என்னும் ஆசிரியர் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்துக் கற்பிக்கும் முயற்சியை நடத்தினார். அவர் நெடுங்கணக்கில் தொடங்கவில்லை. முதலில் அந்த ஊர் மக்களோடு பேசி, அவர்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் சொற்களைத் திரட்டினார். செங்கல் சுமப்பவருக்குச் ‘செங்கல்’ என்னும் சொல்லே முதற்பாடம். அந்தச் சொல்லைப் பிரித்து, அசைகளை மாற்றிக் கூட்டி, புதுச்சொற்களைக் கற்பவர்களே ஆக்கினார்கள். வங்கியில் பணம் போடுவதுபோல ஆசிரியர் மாணவனுக்குள் அறிவைப் போட்டு வைப்பது கல்வியாகாது என்பது அவருடைய கொள்கை. 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவரைச் சிறையிலிட்டார்கள். பிறகு அவர் நாட்டை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. எழுத்துக் கற்பிப்பதற்கு இத்தனை அஞ்சுவானேன் என்று தோன்றலாம். அந்நாளில் பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாக்குரிமை இல்லை என்பதை நினைத்தால் காரணம் புரியும்.

*

இப்போது சில ஆண்டுகளாக எங்கள் தெருவில் மீண்டும் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. அரசின் திட்டங்களும் உண்டு. 2022 முதல் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்குமாகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடைபெறுகிறது. எங்களுடையது அதற்கு வெளியே, ஒரு திண்ணையும் ஒரு விளக்கும் கொண்டது. முதல் நாள் நான் கரும்பலகையைத் தொடுவதில்லை. “நீங்கள் எதைப் படிப்பீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். “ஒண்ணும் தெரியாது பாய்” என்பதே முதல் பதில். கொஞ்சம் பொறுத்திருந்தால் உண்மை வெளிவரும்: ரூபாய்த் தாள், தராசு எண், பேருந்து நிறம், பஞ்சாங்கத்தின் பிறைக்குறி.

சென்ற ஆண்டு வந்தவர்களில் ஒருவர் அறுபதைத் தொட்ட பட்டு நெசவாளர். வீட்டில் பேசுவது சௌராட்டிரம். மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒன்றும் தெரியாது என்றவர், தறியைப் பற்றிப் பேச்செடுத்ததும் விரிந்தார். ஜக்கார்டு அட்டையில் துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும். இல்லாத இடத்தில் எழாது. அதற்கிடையே நாடா ஓடினால் மயிலோ மாங்காயோ விழும். அந்தத் துளைகளைத் தடவிப் பார்த்தே எந்த அட்டை தவறியது என்று சொல்வார். அது படிப்பு அல்லாமல் வேறென்ன? ‘தறி’ என்பதே அவருடைய முதற்பாடம் ஆயிற்று. தறி, தரி, பறி, பாவு, பட்டு, பாட்டு என்று அது விரிந்தது.

அவர் ‘விலை’ என்று எழுதியபோது, யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் சுழித்த பழைய ‘லை’ எழுதினார். இளைஞர் ஒருவர் அது பிழை என்றார். நான் தடுத்தேன். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் பள்ளியை விட்டவர் அவர். ஐம்பதாண்டாக அந்த மூன்றாம் வகுப்பைக் கையில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதைப் பிழை என்று அடித்தால் அவரிடம் மிஞ்சுவது என்ன? “உங்கள் லை சரிதான். இப்போது இப்படியும் எழுதுகிறார்கள்” என்று பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

அவர் படிக்க வந்ததற்குக் காரணம் கூலிப் புத்தகம். முன்பணமும் கழிவும் முதலாளி எழுதுவது. இவர் கைநாட்டு வைப்பது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் புத்தகத்தை விரித்துத் தாமே வரிவரியாகப் படித்தார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்காரு பாய். நான்தான் இத்தனை வருசமா சந்தேகப்பட்டுட்டேன்” என்றார். எழுத்து வந்தால் ஏமாற்றப்படுவது நிற்கும் என்று மேடைகளில் சொல்கிறோம், உண்மைதான். ஏமாற்றப்படுகிறோமோ என்னும் நஞ்சு ஒரு மனிதனின் நெஞ்சை எத்தனை காலம் அரிக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வங்காளத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவரும் வந்தார். அவருக்கு வங்க எழுத்து நன்றாகத் தெரியும். தமிழ்ப் பெயர்ப்பலகைகள் படிக்க வேண்டும். அவருக்கு ‘ழ’ வரவில்லை. இங்கே என் பழைய படிப்பு கைகொடுத்தது. தஜ்வீதில் எழுத்துகளின் மக்ரஜ் படிக்கிறோம். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் எந்த எழுத்து நாவும் அண்ணமும் எங்கே கூடப் பிறக்கிறது என்பதையே சொல்கிறது. நாவின் நுனியை மடக்கி அண்ணத்தை வருடச் சொன்னேன். மூன்றாம் நாள் ‘பழம்’ பழமாயிற்று. கற்பவரை முதலாக வைத்துக் கற்பிப்பது என்றால் ஆசிரியர் ஒதுங்கி அமர்ந்துவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. ஒரே பாடத்தை எல்லோருக்கும் ஒப்பிக்க ஒரு புத்தகம் போதும். நால்வருக்கு நான்கு வாசல் திறக்க ஆசிரியர் தாம் கற்ற அனைத்தையும் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நடவு வேலை செய்யும் ஓர் அம்மையார் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர்களைப் படிக்க வேண்டும் என்று வந்தார். சுவாமிமலை, பாபநாசம், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை. ஐந்தும் வந்தவுடன் நின்றுவிட்டார். முன்பெல்லாம் இத்தகையவரை ‘இடைநின்றவர்’ என்று எழுதுவேன். இப்போது ‘முடித்தவர்’ என்று எழுதுகிறேன். காலமும் அப்படியே. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் திண்ணைக்கு வரப் பொழுது ஏது? அப்போது வராதவர்களின் பெயரை அடித்துக்கொண்டிருந்தவன், இப்போது நடவு முடியும் வரை அவர்கள் வகுப்பையே நிறுத்திவைக்கிறேன்.

எல்லாம் வெற்றி என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். மூட்டை தூக்கும் ஒருவர் மூன்று இரவு வந்தார், மூன்று இரவும் சுவரில் சாய்ந்து உறங்கினார், பிறகு வரவில்லை. அவர் எதைத் தேடி வந்தார் என்று கேட்பதற்குள் போய்விட்டார். அது என் கணக்கில் நிற்கிறது.

ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஆளுக்கொரு பாடம் நடத்தினால் ஒழுங்கு என்னாவது, ஹஜ்ரத்? குர்ஆனுக்கு ஒரே பாடம்தானே?” நியாயமான கேள்வி. திர்மிதியில் உள்ள ஒரு செய்தியை நினைவூட்டினேன். எழுத்தறியாத சமுதாயத்துக்குத் தாம் அனுப்பப்பட்டிருப்பதையும், அவர்களில் மூதாட்டியும் முதியவரும் சிறுவரும் சிறுமியரும் ஒருபோதும் ஒரு நூலைப் படித்திராதவரும் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் எடுத்துரைக்க, குர்ஆன் ஏழு வகை ஓதலில் அருளப்பட்டிருப்பதாக விடை வந்தது. வேதம் ஒன்றே, ஓதுபவரின் நாவுக்கு இரக்கம் காட்டப்பட்டது. தட்டுத் தடுமாறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி என்றும் நபிமொழி உண்டு. சரளமாக ஓதும் ஆலிம்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “என் மனைவியும் அரபுத் தமிழ்தான் படிப்பாள்” என்றார். அவர் வீட்டுக் கிதாபுகள் பரணில் இருக்கின்றனவாம்.

*

எங்கள் ஊர் ஐராவதேசுவரர் கோயிலைக் காண உலகெங்கும் இருந்து வருகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பியது; 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே அறுபத்துமூன்று நாயன்மார்களின் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. படமும் பெயரும்! கல்லால் ஆன அரிச்சுவடி என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்த நெசவாளர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய புதிதில், சுற்றுலா வந்த என் நண்பர்களோடு அவரும் அங்கே வந்திருந்தார். ஆர்வத்தோடு ஒரு பெயரைச் சுட்டி, “இது என்ன எழுத்து பாய்?” என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். தமிழ்தான், எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்து. ஒன்றிரண்டு எழுத்துக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. “எனக்குப் படிக்கத் தெரியவில்லை” என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். பிறகு, “அது வேற எழுத்து, அதான்” என்று ஆறுதல் சொன்னார்.

முப்பது ஆண்டுக்கு முன் நன்னி சொன்ன அதே சொல். அவர் இப்போது நம்மிடையே இல்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ‘படிக்காதவர்’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் இருக்கக்கூடும். இன்று மஃரிபுக்குப் பிறகு அவர் அருகில் அமர்ந்து, எதைப் படிப்பார் என்று கேளுங்கள். பரணில் கிடக்கும் கிதாபைத் துடைத்து அவர் மடியில் வையுங்கள். அதன் பிறகு, எதை எழுத ஆசை என்று கேளுங்கள். பலப்பத்தை அவர் எந்தப் பக்கம் ஊன்றினாலும் சற்றுப் பொறுத்திருந்து பாருங்கள்.